ஏழும் ஏழும் ஏழும்

மனித குலம் இதுவரை பட்ட துன்பங்கள் அனைத்துக்கும் ஒரே காரணம், சதவீதங்களைக் கூட்டுவது. போர், பஞ்சம், கடன், கல்யாணம், எதை எடுத்துக்கொண்டாலும் சரி, தோண்டிப் பார்த்தால் அடியில் எவனோ ஒருவன் கூட்டக் கூடாத இரண்டு சதவீதங்களைக் கூட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். இந்த உண்மையைச் சதவீதம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், சாப்பிட்ட கை காயக் காய, முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லாமல் அறிவித்தான்.

சதவீதம் என்பது அவன் பெயர் அல்ல, பட்டம். அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேண்டீனில் டீ தண்ணியாக இருந்தால் மற்றவர்கள் திட்டுவார்கள். இவன் "இது நாற்பது சதவீதம்தான் டீ" என்று தீர்ப்பு எழுதுவான். வகுப்பில் வைத்த பெயர் நடந்து நடந்து வீடு வரைக்கும் வந்துவிட்டது. தங்கை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அம்மாவுக்கு மட்டும் அவன் இன்னும் பெரியவன்.

அறிவிப்புக்குக் காரணம் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று சாயங்காலம் தங்கை மேஜையின் மறுகோடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூன்று துறைகள் வரை கேட்கலாம் என்று திரையில் இருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார், விரலை மடக்கினார், முகம் மலர்ந்தார்.

"நூத்துக்கு ஏழு பேர எடுப்பாங்கன்னு பஸ் பின்னாடியே எழுதியிருக்கான். மூணு துறை கேட்டா ஏழும் ஏழும் ஏழும் இருபத்தொண்ணு. அஞ்சுல ஒண்ணு வந்துடுச்சே."

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஏழு என்பது எண் அல்ல, குலப்பெருமை. மற்ற கல்லூரிகள் எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டோம் என்று விளம்பரம் செய்யும். இது எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று செய்யும். பேருந்தின் முதுகில், டீக்கோப்பையில், குடையில், எங்கும் ஏழு. தாழ்ப்பாள் எவ்வளவு இறுக்கமோ உள்ளே இருக்கும் சாமான் அவ்வளவு உசத்தி என்பது அவர்கள் தத்துவம். அரசாங்கத்துடையது என்பதால் கட்டணமும் குறைவு. அதனால்தான் அந்த வீட்டில் வேறு எந்த இடத்தைப் பற்றியும் பேச்சே எழவில்லை.

"அப்பா," என்றான் சதவீதம், "உங்க கணக்குப்படி பதினஞ்சு துறை கேட்டா நூத்தியஞ்சு சதவீதம். அப்ப என்ன பண்ணுவாங்க? வாசலுக்கு வந்து குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போவாங்களா?"

"பதினஞ்சு கேக்க விடமாட்டான்டா. மூணுதான்."

"ஒரே ஆளு, ஒரே மார்க்கு. அந்த ஏழும் இந்த ஏழும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கற ஏழு. கூட்டக்கூடாது."

"ஒட்டிக்கிட்டு இருந்தா என்ன, எண்ணும்போது தனித்தனியாத்தானே எண்றோம்?"

இதற்குத்தான் அவன் மனித குலத்தின் துன்பங்களை இழுத்துவந்தான். ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் அப்பா கை பட்டால் ஏறி இறங்கும். மகன் வாய் திறந்தால் அவர் இறங்கிவிடுவார். "சரிப்பா, படிச்சவன் சொல்றே" என்று சோற்றுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தங்கை முதல் கட்டத்தில் நர்சிங் என்று போட்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி மிஷினில் நிற்பவள். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் தங்கை அங்கேதான் போவாள். அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி, போகப் போக, ஒரு விரிப்பைப் பார்த்தால் அது எந்த வார்டிலிருந்து வந்தது, அதில் படுத்தவர் ராத்திரி தூங்கினாரா இல்லையா என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். "இத்தனை வருஷம் விரிப்ப பாத்தாச்சும்மா. இனிமே மேல படுத்திருக்கறவங்கள பாக்கணும்" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குமேல் விளக்கம் அந்த வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை.

"ரெண்டாவதுக்கு உணவியல் போடட்டுமா? அதுலயும் ஆஸ்பத்திரியிலதான் வேலை," என்று அவள் அண்ணனைப் பார்த்தாள். "மூணாவதுக்கு உயிரியல்."

"எதுக்கு? மூணு கேட்டா என்ன நினைப்பாங்க? இந்தப் பொண்ணுக்கே என்ன வேணும்னு தெரியலன்னு நினைப்பாங்க. பந்தியில மூணு எலைக்கு முன்னாடி உக்காந்த மாதிரி இருக்கும்."

"அப்படி எங்கயும் போடலயே."

"போடமாட்டாங்க. நாமளாப் புரிஞ்சுக்கணும். நான் என்ன பண்ணேன்? ஒண்ணே ஒண்ணு, புள்ளியியல். அடிச்சு உள்ள போனேனா இல்லயா? என் மார்க்க விட உன் மார்க்கு மேல."

அவள் மற்ற இரண்டு கட்டங்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவற்றை வெறுமையாகவே விட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அம்மா அடுப்பைத் துடைத்தபடி, "எங்க மேற்பார்வை அம்மா இன்னைக்கும் கேட்டாங்க. மடிக்கிற மேஜையில ஒரு ஆள் கொறையுதாம். உன் பொண்ணு வருதான்னு," என்றாள்.

"வராதுன்னு சொல்லுங்க," என்றான் சதவீதம்.

"ரிசல்ட் வரட்டும்னு சொல்லியிருக்கேன்."

*

விண்ணப்பக் கெடு முடிந்த மறு வாரம், பெற்றோர்களுக்கென்று பல்கலைக்கழகம் ஒரு கூட்டம் வைத்தது. தலைப்பு: ஏற்பு விகிதத்தைப் புரிந்துகொள்வோம். இதை ஏன் கெடுவுக்கு முன்பே வைக்கவில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. ஒரு வருடம் முன்கூட்டியே வைத்துப் பார்த்தார்களாம். மக்கள் புரிந்துகொண்டுவிட்டதால் பெரிய குழப்பம் ஏற்பட்டதாம்.

சதவீதம் அந்தக் கூட்டத்தில் மாணவத் தொண்டன். மஞ்சள் பனியன், கழுத்தில் அட்டை, மதியச் சாப்பாட்டுக்குச் சீட்டு. கேள்வி கேட்க யாராவது கை தூக்கினால் மைக்கை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். தொண்டர்கள் மைக்கில் பேசக் கூடாது என்பது விதி. அவனோடு சேர்ந்து இன்னொரு பக்கம் ஓடியவன் வகுப்புத் தோழன் ஊதுபத்தி. உடம்பு அப்படி, புகைப்பதும் அப்படி.

மேடையில் சேர்க்கை அலுவலர் நின்றார். ஐம்பது வயதுப் பெண்மணி, இதமான குரல், கெட்ட செய்தியையும் வெதுவெதுப்பாக்கித் தரும் கைப்பக்குவம்.

"ஏழுங்கறது ஒரு சராசரிங்க," என்று ஆரம்பித்தார். "ஏழு சதவீதத்துல யாரும் உள்ள வர்றதில்ல. அவங்கவங்க அவங்கவங்க துறை வழியாத்தான் வர்றாங்க. வாசல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அகலம். ஒரு உதாரணத்துக்கு, போன ரெண்டு வருஷமாவே புள்ளியியலுக்கு நூத்துக்கு முப்பத்தொரு பேர எடுத்திருக்கோம்."

ஊதுபத்தி அரங்கின் அந்தக் கோடியிலிருந்து இவனைப் பார்த்தான். பிறகு நிதானமாக, நாற்காலி வரிசைகளைச் சுற்றிக்கொண்டு, அதைச் சொல்வதற்காகவே நடந்து வந்தான்.

"மச்சி, முப்பத்தொண்ணாம். கதவு தொறந்துதான்டா இருந்திருக்கு. நாம ஏறிக் குதிச்சோம்னு ஊர் பூரா சொல்லிட்டு இருக்கோம்."

"சும்மா இரு."

"உங்க அப்பா பார்ட்டி வச்சாரே. அந்தச் சாப்பாட்டத் திருப்பிக் குடுத்துடலாமா?"

சதவீதம் பதில் சொல்லத் தயாரானபோது அலுவலர் அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டார்.

"இந்தப் பக்கம் நர்சிங். நாப்பது இடம். விண்ணப்பம் ரெண்டாயிரத்துக்கு மேல. நூத்துக்கு ரெண்டு."

அரங்கில் பெருமூச்சு ஒன்று வரிசை வரிசையாகப் பின்னால் போனது. சதவீதம் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டான். அது அணைந்திருந்தது நல்லதாயிற்று.

"இந்த வருஷம் இன்னும் கொறையலாம்," என்று அவர் மகிழ்ச்சியாகத் தொடர்ந்தார். "விண்ணப்பம் ரொம்பக் கூடியிருக்கு. அதுக்கு நம்ம மாணவத் தொண்டர்களுக்குத்தான் நன்றி சொல்லணும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்ப் பேசினாங்க. எழுந்து நில்லுங்கப்பா, எல்லாரும் பாக்கட்டும்."

ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் சதவீதம் எழுந்து நிற்க வழியில்லாமல் நின்றான். கைதட்டினார்கள். அவனும் போயிருந்தான், தங்கை படித்த பள்ளிக்கூடத்துக்கே போயிருந்தான். முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்ததால் உற்சாகம் பொங்கி, நர்சிங்கைப் பற்றிக் கால் மணி நேரம் கூடுதலாகப் பேசி, கடைசியில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி செய்தான். அன்று சாயங்காலம் தங்கை வந்து, "எங்க கிளாஸ்ல பாதிப் பேரு நர்சிங் போடப்போறாங்க. செமயா பேசினே" என்று சொன்னபோது அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. சொந்தத் தங்கை நிற்கும் வரிசைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த அண்ணன் உலகில் எத்தனை சதவீதம் இருப்பான் என்று கணக்கிட அவனுக்கு அப்போது மனம் வரவில்லை.

ஐந்தாவது வரிசையில் ஒரு பெண்மணி கை தூக்கினார். மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சதவீதம் ஓடிப்போய் மைக்கைக் கொடுத்தான்.

"என் பையன் மூணு துறையும் கேட்டிருக்கான். பேராசக்காரன்னு நினைச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு."

"நல்ல கேள்விங்க. அப்படியெல்லாம் நினைக்கவே மாட்டோம். ஒரு துறைக்காரங்களுக்கு இன்னொரு துறை கேட்டது தெரியவே தெரியாது. ரெண்டாவது துறையில இடம் இருந்தா அங்க பாப்போம், இல்லன்னா மூணாவது. மூணும் கேட்டவங்களுக்கு வாய்ப்பு கூடத்தான் செய்யும். மூணு மடங்கெல்லாம் கூடாது, ஆனா கூடும். உணவியல்ல போன வருஷம் பாதிப் பேர் ரெண்டாவது விருப்பமா வந்தவங்கதான்."

பெண்மணி மைக்கைத் திருப்பி நீட்டினார். அதை வாங்கிய தொண்டன் தன் இடத்துக்குப் போகவில்லை. அங்கேயே நின்று, விதியை மீறி, மைக்கில் பேசினான்.

"ஒண்ணு மட்டும் கேட்டவங்க?"

அலுவலர் கண்ணைச் சுருக்கி, கேட்டது யார் என்று பார்த்தார். மஞ்சள் பனியனைக் கண்டதும் இது முன்னேற்பாடு செய்த கேள்வி என்று எடுத்துக்கொண்டார்போல; அழகாகச் சிரித்தார்.

"அது அவங்க மன உறுதி. அத நாங்க ரொம்ப மதிக்கிறோம்."

"இப்ப சேத்துக்க முடியுமா?"

"முடியாதுப்பா. கெடு முடிஞ்சுதே."

மன உறுதியை மதிப்பதாக ஒரு பல்கலைக்கழகம் சொன்னால், அனுதாபம் தெரிவிக்கிறது என்று பொருள். சதவீதத்துக்கு அது அந்த நொடியில் முழுசாக, நூற்றுக்கு நூறு, புரிந்தது.

*

ஊரெல்லாம் லிஃப்ட் சரிசெய்பவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐந்து மாடி, படிதான். அன்று தங்கையோடு கடைக்குப் போய்விட்டு, ஆளுக்கு ஒரு பையோடு ஏறும்போது, மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவன் பையைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, ஆனா நின்னு சொல்லாத, கை வலிக்குது."

நின்றுதான் சொன்னான். வாசலின் அகலங்கள், நாற்பது இடம், இரண்டாயிரம் பேர், வெறுமையாக விட்ட இரண்டு கட்டங்கள், எல்லாவற்றையும். பள்ளிக்கூடத்தில் தான் பேசிய பேச்சின் பலனை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான், அதையும் சொன்னான். அவள் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நூத்துக்கு ரெண்டா?"

"ம்."

"உனக்கு எவ்வளவாம்?"

"முப்பத்தொண்ணு."

அவள் மனசுக்குள் கூட்டி வகுத்தாள். "அப்ப நம்ம வீட்டுக்குச் சராசரி பதினாறரை. பரவால்லயே, பல்கலைக்கழகத்த விட ரெண்டு மடங்கு."

அவன் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள், அதுவும் அரை மாடி ஏறுவதற்குள் நின்றுவிட்டது.

"திட்டுடி," என்றான்.

"திட்டினா கட்டம் தொறக்குமா? நீ வேணும்னேவா பண்ணே? உனக்குத் தெரிஞ்சதச் சொன்னே. உனக்குத் தெரியலன்றதுதான் உனக்குத் தெரியல." நான்காம் மாடி வந்தது. "அப்பாகிட்ட சொல்லிடாத. அவரு தாங்கமாட்டாரு. அம்மாகிட்டயும். அந்த மடிக்கிற மேஜைக்கு நாளைக்கே பேர் குடுத்துடுவாங்க. ஒரு தடவ அங்க ஏப்ரன் கட்டினவங்க யாரும் அவுத்து நான் பாத்ததில்ல."

சொல்லவில்லை. அதன்பிறகு வந்த வாரங்களில் அவன் அனுபவித்த தண்டனையை எந்தச் சட்டப் புத்தகமும் எழுதவில்லை. அப்பா தினமும் கூட்டினார். மகன் சொன்னதை மதித்து ஏழும் ஏழும் ஏழும் என்பதை விட்டுவிட்டார். ஒரே ஒரு ஏழை வைத்துக்கொண்டு அதன்மேல் மாடி கட்டினார்.

"ஏழு இருக்கா? அண்ணங்காரன் அங்கயே படிக்கிறான், அதுக்கு ஒரு ரெண்டு போடு. அம்மா ஆஸ்பத்திரி ஆளு, அதுக்கு ஒரு மூணு. மார்க்குக்கு ஒரு எட்டு. இருபது வந்துடுச்சு. நான் ஒண்ணும் தப்பா கூட்டலயே? இது வேற வேற சரக்குதானே?"

சதவீதம் வாயில் சோறு இருப்பதாகப் பாவனை செய்தான். முன்பு என்றால் பலகையும் சுண்ணக்கட்டியும் கேட்டிருப்பான். அப்பா வேலைக்குப் போகும் கட்டடங்களில், லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களிடமெல்லாம் இந்த இருபதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தெரியவந்தது. மருத்துவர் ஒருவர், வக்கீல் ஒருவர், எல்லாரும் நல்ல எண் என்று சொன்னார்களாம். லிஃப்ட் பாதி வழியில் நிற்கும்போது அதைச் சரிசெய்கிறவர் எந்த எண்ணைச் சொன்னாலும் நல்ல எண் என்றுதான் சொல்வார்கள்.

ஒருநாள் சதவீதம் சேர்க்கை அலுவலரின் அறைக்குப் போனான். வாசலில் தேநீர்க் கோப்பையோடு அவரே எதிரில் வந்தார்.

"அம்மா, ஒரு விண்ணப்பத்துல ரெண்டு கட்டம் காலியா விட்டுப்போச்சு. தங்கச்சிது. நான் சொல்லித்தான் விட்டா."

அவர் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நாற்காலியே பயமுறுத்தியது, நல்ல செய்தி சொல்கிறவர்கள் நிற்கவைத்தே சொல்லிவிடுவார்கள்.

"உன் தங்கச்சிக்கு நல்ல அண்ணன் இருக்கான்," என்றார்.

"அதுதாம்மா அவளுக்குப் பிரச்சினையே."

"தம்பி, விகிதத்த விளக்கறதுதான் என் வேலை. யாராவது வந்து கேட்டா இன்னும் நல்லா விளக்குவேன். மாத்தறதுக்கு எனக்கும் பொத்தான் கிடையாது. என் அக்கா பையனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி விளக்கினேன். அக்கா இன்னும் என்கூடப் பேசல." கோப்பையில் ஏடு கட்டியிருந்ததை விரலால் ஒதுக்கினார். "டீ குடிக்கிறியா?"

குடித்தான். எத்தனை சதவீதம் டீ என்று அவன் கவனிக்கவில்லை.

*

முடிவு ஒரு பிற்பகலில் வந்தது. தங்கை சலவைப் பிரிவில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தவள், இஸ்திரி மிஷின் பக்கத்தில் நின்றே போனில் பார்த்தாள். இடம் இல்லை என்று வரவில்லை. இடம் உண்டு என்றும் வரவில்லை. உங்களைக் காத்திருப்போர் வரிசையில் வைப்பதில் பெருமை கொள்கிறோம் என்று வந்தது. மேற்பார்வை அம்மா எட்டிப் பார்த்து, "அப்படின்னா என்னம்மா, வருதா வரலயா?" என்றாராம். நாளைக் காலைக்குள் மடிக்கும் மேஜைக்கு ஆள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு பெண் வரிசையில் இருக்கிறாள், அதற்குமேல் என்னால் பிடித்துவைக்க முடியாது என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட்டும் போனார். அவர் நல்லவர்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று கை காட்ட ஒருவராவது இருந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முடிவு தெரிந்த நேரத்திலிருந்து சதவீதம் சும்மா இருக்கவில்லை. இன்னும் விண்ணப்பம் வாங்கும் இடங்களைத் தேடிப்பிடித்து, தங்கையைக் கூட வைத்துக்கொண்டு, கேட்ட கட்டம் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியிருந்தான். ஊர்க்கோடியில் ஒரு மாலைக் கல்லூரி. பேருந்தில் அரை நாள் தள்ளி ஒரு சின்ன நர்சிங் பள்ளி. உதவி நர்சுகளுக்கான ஒரு பயிற்சி வகுப்பு. மூன்றுமே அரசாங்கத்துடையவை. ஒவ்வொன்றிலும் பேச ஆள் பிடித்து, போன வருஷக் கணக்கைக் கேட்டு வைத்திருந்தான்.

"அந்த வெயிட்டிங் வரிசையிலேர்ந்து எத்தனை பேர எடுப்பாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"போன வருஷம் நூத்துக்கு ஒண்ணு."

"மத்ததெல்லாம்?"

"சாயங்காலக் காலேஜு பன்னண்டு. தூரத்துல இருக்கறது இருபது. பயிற்சி வகுப்பு முப்பது."

அம்மா விரலை மடக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள். "எனக்கு இது ஓடாது. மொத்தத்துல எவ்வளவுடா? பாதியாவது தேறுமா? தேறும்னா நாளைக்கு அந்தம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடுவேன். இல்லன்னா சும்மா எடத்த விடறதுல அர்த்தமில்ல, போய் மடிக்கட்டும். ஒரு வருஷம் பாத்துக்கலாம்."

தங்கை மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். சுருக்கம் எடுத்தபின் மறுபடி சுருக்கி, மறுபடி நீவினாள்.

"நீங்க சொல்லுங்க," என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். "தினமும் கூட்டுவீங்களே."

அப்பா தலையை ஆட்டினார். வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் துருத்திக்கொண்டிருந்தது. "நான் கூட்டினதெல்லாம் போதும். எனக்குத் தெரியாத வேலை. லிஃப்ட்ல எட்டு பேருக்கு மேல ஏறினா மணி அடிக்கும், கடைசியா ஏறினவன் இறங்கணும். எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான். கூட்டக்கூடாதுன்னு அவனே சொல்லியிருக்கான்."

எல்லாரும் சதவீதத்தைப் பார்த்தார்கள்.

சரியான விடை அவனுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே போட்டுப் பார்த்திருந்தான். எங்கும் கிடைக்காமல் போகும் வாய்ப்புகளைப் பெருக்கி நூறிலிருந்து கழித்தால் ஐம்பத்தொன்று வரும். அதுவும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டு உறவே இல்லை என்று வைத்துக்கொண்டால். ஆனால் ஒட்டு இருக்கிறது. ஒரே பெண், ஒரே மதிப்பெண். ஓரிடத்தில் போதாதது இன்னோரிடத்திலும் போதாமல் போகத்தான் அதிக இடமுண்டு. ஆக, பாதிக்குக் கீழே. எவ்வளவு கீழே என்று சொல்ல அவனுடைய பேராசிரியராலும் முடியாது. இதை அவன் விளக்கலாம். அவனைவிடத் தெளிவாக விளக்கக்கூடியவர் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவரும் விளக்கியபிறகு டீதான் கொடுத்தார்.

தங்கை விரிப்பை நீவுவதை நிறுத்தியிருந்தாள்.

"அறுபத்திமூணும்மா," என்றான் சதவீதம்.

"நெசமாவா?"

"ஒண்ணும் பன்னண்டும் பதிமூணு. இருபது சேத்தா முப்பத்திமூணு. முப்பது சேத்தா அறுபத்திமூணு."

அப்பா நிமிர்ந்தார். எதையோ கேட்க வந்தவர், மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் சட்டையை மாற்ற எழுந்து போனார்.

"பாதிக்கு மேலயே இருக்கே," என்றாள் அம்மா. அவள் குரல் இளகியிருந்தது. "அப்ப நாளைக்குக் காலையில போனதும் வேணாம்னு சொல்லிடறேன். அந்த இன்னொரு பொண்ணு வரட்டும், பாவம்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். கூட்டக்கூடாது என்று இதே மேஜையில் அவன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பிறகு சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைக்க எழுந்தாள். சதவீதம் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டான்.